ஒரே மூட்டைக் கடற்பாசி, இரண்டு ஆய்வறிக்கை: எந்த எண்ணை நம்புவது?

ஏற்காட்டில் காபியும் மிளகும் பயிரிடும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இலைவழியாகத் தெளிப்பதற்கு ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசியின் பொடியை மூட்டையாக வாங்குகிறார். காபி எடுக்கும் வியாபாரி, தோட்டத்தில் போடும் ஒவ்வொரு இடுபொருளுக்கும் கன உலோக அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரே மூட்டையிலிருந்து பொடி அள்ளி இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினாராம். கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் ஆர்சனிக் ஓர் அறிக்கையில் 6.2, மற்றதில் 41. ஈயம் 2.1, 7.4. காட்மியம் 0.62, 0.85. பாதரசம் இரண்டிலும் ‘கண்டறியப்படவில்லை’. “இதில் எந்த ஆய்வகம் பொய் சொல்கிறது ஐயா?” என்பது அவர் கேள்வி.

தம்பி, என் கணிப்பில் இரண்டுமே தங்கள் கருவி காட்டியதைத்தான் எழுதியிருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை, ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவும் இல்லை. நான்கு உலோகங்களுக்கும் சேர்த்து ஒரே காரணம் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பார்த்தால் காட்மியத்தில் தகராறே இல்லை. பாதரசத்தில் தெரியும் ஒற்றுமை வெறும் தோற்றம். ஈயத்தில் மணலின் வேலை இருக்கிறது. ஆர்சனிக்கில் வேதியியலே வேறு. விளக்கத்துக்குப் போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ‘சராசரி ஆர்சனிக் 23.6’ என்று வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. 6.2 சௌகரியமாக இருக்கிறது என்று அதை மட்டும் நீட்டுவதும் வேண்டாம்.

சேலத்து ஆய்வகங்களுக்குக் கைவந்த பொருள்கள் வேறு. மேக்னசைட், எஃகு, ஜவ்வரிசி, ஆழ்துளைக் கிணற்று நீர், சேர்வராயன் மலையின் பாக்சைட் என்று தலைமுறையாகப் பார்த்துப் பழகியவற்றில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். கடல் தாவரம் அப்படிப் பழகிய பொருள் அல்ல. நிலத்து இலையைச் சாம்பலாக்கினால் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி மிஞ்சும். கடற்பாசியில் சாம்பல் மட்டும் நூற்றுக்கு இருபது முதல் நாற்பது வரை போகும். அதில் பெரும்பகுதி சோடியம், பொட்டாசியம், குளோரைடு. பழுப்புப் பாசியின் செல்சுவரில் ஆல்ஜினிக் அமிலம் இருக்கிறது. அது உலோக அயனிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கடல்நீரில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் பாசிக்குள் சேர்கிறது. அதனால்தான் கடல் மாசைக் கண்காணிக்க உலகெங்கும் பாசியையும் கடற்புல்லையும் பயன்படுத்துகிறார்கள். ஆக, நாம் தேடும் உலோகம் கிலோவில் சில மில்லிகிராம். அதைச் சூழ்ந்திருக்கும் உப்போ கிலோவில் நூற்றுக்கணக்கான கிராம். கருவிக்கு இந்த உப்புதான் முதல் எதிரி.

காட்மியத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே பொருளைப் பல ஆய்வகங்கள் நேர்மையாக அளந்தாலும் எண்கள் சிதறும். எவ்வளவு சிதறுவது இயல்பு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய வில்லியம் ஹார்விட்ஸ், பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த ஏராளமான கூட்டுச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்து 1980-இல் அதை வெளியிட்டார். பொருளின் செறிவு நூறு மடங்கு குறைந்தால் ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் இரு மடங்காகும் என்பது அதன் சாரம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் சிதறல் சுமார் 16 சதவீதம். இதை வைத்துப் பார்த்தால், முக்கால் மில்லிகிராமை ஒட்டிய காட்மியத்தில் இரண்டு நல்ல ஆய்வகங்கள் 0.34 வரை வேறுபட்டாலும் யாரையும் குறை சொல்ல முடியாது. உங்களுடைய வேறுபாடு 0.23 மட்டுமே.

அந்த 0.23-லும் ஒரு பகுதி ஈரப்பதமாக இருக்கலாம். ஓர் ஆய்வகம் ‘வந்த நிலையில்’ என்றும் மற்றது ‘உலர் எடையில்’ என்றும் எழுதியிருக்கிறதா என்று அறிக்கையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். பாசிப் பொடியில் உப்பு இருப்பதால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் வாய் கட்டாத மூட்டை சில நாட்களில் கட்டிதட்டிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொடியில் 15 சதவீதம் ஈரம் இருந்தால், வந்த நிலையில் 0.62 என்பது உலர் எடையில் 0.73 ஆகிவிடும். இடைவெளி பாதியாகச் சுருங்குகிறது.

பாதரசத்தில் இரண்டு அறிக்கையும் ஒன்றுபோல் தெரிகின்றன. ஆனால் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எந்த அளவுக்குக் கீழே தெரியவில்லை என்ற எண் இருக்க வேண்டும். ஓர் ஆய்வகத்தின் எல்லை 0.01 ஆகவும் மற்றதன் எல்லை 0.5 ஆகவும் இருந்தால், முதலாவது ஒரு தகவல், இரண்டாவது வெறும் தாள். நகரக் குப்பை உரத்திற்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் பாதரச உச்ச வரம்பு 0.15. அரை மில்லிகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத ஒரு முறையால் அந்த வரம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எல்லை எண் அச்சிடாத அறிக்கையை வியாபாரி ஏற்கக் கூடாது, நீங்களும் ஏற்கக் கூடாது. இன்னொன்று: பாதரசம் ஆவியாகும் பொருள். பொடியை 105 டிகிரி அடுப்பில் காயவைத்துவிட்டு அதே பொடியில் பாதரசம் தேடினால், ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். பாதரசத்துக்கான கூறு குறைந்த வெப்பத்தில், முடிந்தால் உறைநிலை உலர்த்தலில் காய வேண்டும்.

இனி ஈயம். 2.1-க்கும் 7.4-க்கும் இடைவெளி ஹார்விட்ஸ் கணக்குக்கு அடங்காது. நான் முதலில் சந்தேகப்படுவது மூட்டையை. கடற்கரை மணலில் உலர்த்திய பாசியில் மணலும் கிளிஞ்சல் துகளும் ஒட்டியிருக்கும். அரைத்த பிறகும் அவை பாசித் துகளைவிடக் கனமானவை. அந்த மூட்டை லாரியில் ஏறி, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி உங்கள் கிடங்குக்கு வந்து சேர்கிறது. குலுங்கக் குலுங்க நுண்மணல் கீழே இறங்கும். மேலே ஒரு கை, அடியில் ஒரு கை அள்ளி இரண்டு பைகளில் போட்டால், இரண்டும் ஒரே மூட்டைதான். ஆனால் ஒரே மாதிரி அல்ல.

இதைச் சேலத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேக்னசைட் சுரங்கத்தில் மாதிரி எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? கல்லை உடைத்துக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகக் கூறுபோட்டு, எதிரெதிர்க் கூறு இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒதுக்குவார்கள். மீதியை மறுபடி கலந்து மறுபடி கூறுபோடுவார்கள். கையளவு வரும்வரை இது நடக்கும். அந்தக் கையளவு முழுக் குவியலுக்கும் பேசும். பாசிப் பொடிக்கும் இதேதான் வழி. சுத்தமான பாலித்தீன் விரிப்பில் மூட்டையை முழுதாகக் கொட்டிச் செய்ய வேண்டும். இரும்பு முறம், துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம்.

மூட்டை சரியாக இருந்தாலும் ஆய்வகத்தில் ஒரு பிரிவு காத்திருக்கிறது. கால் கிராம் பொடியை நைட்ரிக் அமிலத்தோடும் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடோடும் டெஃப்லான் குழாயில் அடைத்து, நுண்ணலை அடுப்பில் சூடாக்குவார்கள். ஆறிய பிறகு குழாயைத் திறந்தால் மேலே தெளிந்த வெளிர் மஞ்சள் திரவம். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால், அடியில் ஒரு சிட்டிகை சாம்பல் நிறத் துகள் மெதுவாகச் சரியும். அதுதான் மணலும், பாசியின் மேல் ஒட்டி வாழும் டயட்டம் உயிர்களின் சிலிக்கா ஓடும். நைட்ரிக் அமிலம் சிலிக்காவைக் கரைக்காது. ஓர் ஆய்வகம் அதை அப்படியே வடிகட்டிவிட்டு மேல் திரவத்தை மட்டும் அளக்கும். இன்னொன்று ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சேர்த்து அதையும் கரைத்து, மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும் ஈயம், குரோமியம், இரும்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கும். இரண்டும் செல்லுபடியான முறைகள்தான். ஆனால் முதலாவது ‘அமிலத்தில் கரையும் ஈயம்’, இரண்டாவது ‘மொத்த ஈயம்’. அறிக்கைத் தாளில் இரண்டும் ‘ஈயம்’ என்ற ஒற்றைச் சொல்லாகவே அச்சாகும்.

மன்னார் வளைகுடாவின் மாசைக் கண்காணிக்கும் ஆய்வாளருக்கு மணல் ஒரு தொல்லை. அவர் பாசியைக் கழுவி, ஒட்டுயிர்களைச் சுரண்டி, இளம் நுனியையும் முதிர்ந்த அடியையும் தனித்தனியாகப் பிரித்து எடுப்பார். உங்களுக்கு அப்படியல்ல. நீங்கள் தெளிப்பது மணலோடு சேர்ந்த பொடியை. எனவே உங்கள் பையைக் கழுவாமல் அப்படியே அளக்கச் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் கழுவிவிடும் ஆய்வகம் உண்டு. எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈயத்தைப் பற்றிப் பேசும்போது கிளேர் பேட்டர்சனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பூமியின் வயதைக் கணித்த அதே விஞ்ஞானிதான். அவரும் டோரதி செட்டிலும் 1980-இல் சூரை மீன் ஒன்றின் தசையில் ஈயத்தை அளந்து வெளியிட்டார்கள். அதுவரை வழக்கமான ஆய்வகங்கள் சொல்லிவந்த எண்களைவிட அவர்கள் கண்டது ஆயிரம் மடங்கு குறைவு. மீதி அத்தனையும் ஆய்வகத் தூசியிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் வேதிப்பொருள்களிலிருந்தும் மீனுக்குள் ‘வந்த’ ஈயம். எனவே அறிக்கையில் வெற்று மாதிரியின் எண்ணைக் கேளுங்கள். பாசி போடாமல், அதே அமிலம், அதே குழாய், அதே அடுப்பு வழியாக ஓட்டப்பட்டது வெற்று மாதிரி. அதில் ஈயம் தெரிந்தால், உங்கள் எண்ணில் எவ்வளவு பாசியுடையது, எவ்வளவு ஆய்வகத்துடையது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. துருப்பிடிக்காத எஃகு மிக்ஸியில் அரைத்த பொடியில் குரோமியமும் நிக்கலும் ஏறுவதும் இதே வகைதான்.

ஆர்சனிக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏழு மடங்கு வித்தியாசம் மணலாலோ ஈரத்தாலோ வராது.

இரண்டு அறிக்கையிலும் ‘முறை’ என்ற பத்தியைப் பாருங்கள். 6.2 சொன்ன ஆய்வகம் ஹைட்ரைடு முறையிலும், 41 சொன்னது அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐ.சி.பி-எம்.எஸ் கருவியிலும் அளந்திருக்கும் என்பது என் ஊகம். ஹைட்ரைடு முறையில், கரைசலோடு சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்தால் ஆர்சனிக் வாயுவாக மாறி வெளியேறும். அந்த வாயுவைச் சூடான குவார்ட்ஸ் குழாய்க்குள் செலுத்தி, ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். கிணற்று நீருக்கு இது அருமையான முறை. ஏனென்றால் கிணற்று நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் கனிம வடிவில் இருக்கிறது. கனிம ஆர்சனிக் எளிதாக வாயுவாகும்.

கடற்பாசியில் ஆர்சனிக் அப்படி இருப்பதில்லை. கடல்நீரில் ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவில் ஒத்திருப்பதால், பாஸ்பேட்டை உறிஞ்சும் பாசி ஆர்சனேட்டையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது. எடுத்ததைத் தனக்குக் கேடு வராமல் கார்பனோடு பிணைத்து, ஆர்சனோசர்க்கரைகள் எனப்படும் சேர்மங்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. இந்தப் பிணைப்பு சாதாரண நைட்ரிக் அமிலச் சிதைப்பில் முழுவதும் அறுபடாது. 180, 200 டிகிரியில் சர்க்கரைப் பகுதி சிதையும். ஆனால் ஆர்சனிக்கோடு ஒட்டிய இரண்டு மெத்தில் தொகுதிகள் அப்படியே நிற்கும். மீன், இறாலில் இருக்கும் ஆர்சனோபீட்டெய்னைச் சிதைக்க 280 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கும். மெத்தில் ஒட்டிய ஆர்சனிக் ஹைட்ரைடு முறையில் அரைகுறையாகத்தான் எதிர்வினை தரும், ஆர்சனோபீட்டெய்ன் தரவே தராது. டிக்கெட் வைத்திருப்பவர்களை மட்டும் வாசலில் எண்ணிவிட்டு, திருவிழாவுக்கு வந்த கூட்டமே இவ்வளவுதான் என்று அறிவிப்பது போன்றது இது.

ஐ.சி.பி-எம்.எஸ் அப்படிப் பார்ப்பதில்லை. ஆறாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் எந்தச் சேர்மம் போனாலும் அணு அணுவாக உடைந்துவிடும். ஆர்சனிக் எந்த வேடத்தில் வந்தாலும் நிறை எண் 75-இல் பதிவாகும். அதனால் மொத்த ஆர்சனிக்குக்கு நான் 41-ஐயே நம்புவேன். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் பத்துக் கணக்கில் மொத்த ஆர்சனிக் இருப்பது உலகெங்கும் கண்ட செய்தி. ஜப்பானின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் தயாரித்த சர்காசம் பாசியின் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளில், அதாவது உள்ளிருக்கும் அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட மாதிரியில், ஆர்சனிக் கிலோவுக்கு 115 மில்லிகிராம். நம் கட்டக்கோரையும் அதே சர்காசம் இனம்தான்.

ஐ.சி.பி-எம்.எஸ் கருவியிலும் கண்மூடி நம்ப ஒன்றுமில்லை. உப்பிலிருந்து வரும் குளோரின் 35, பிளாஸ்மாவின் ஆர்கான் 40-ஓடு சேர்ந்தால் 75. அது ஆர்சனிக்கின் நிறை எண்ணேதான். கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இப்படியே சோடியம் 23-உம் ஆர்கான் 40-உம் சேர்ந்து 63 ஆகித் தாமிரமாக நடிக்கும். நல்ல ஆய்வகங்கள் ஹீலியம் வாயு நிரப்பிய மோதல் அறை வழியாக அயனிகளைச் செலுத்தி, இந்தப் போலிகளை வடிகட்டுகின்றன. உங்கள் 41-இல் குளோரைடால் ஏறியது இருந்தாலும் அது பின்னத்தில்தான் இருக்கும். 35 மில்லிகிராம் இடைவெளியை உப்பு உண்டாக்க முடியாது. ஆனால் ஒன்றிரண்டு மில்லிகிராம் ஆர்சனிக் மட்டுமே உள்ள சிவப்புப் பாசியாக இருந்திருந்தால், ஹீலியம் பயன்படுத்தினார்களா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.

கிராஃபைட் உலை கொண்ட அணு உறிஞ்சல் கருவி மூன்றாவது வழி. அதிலும் உப்புத் தொல்லைதான். உலை சூடேறும்போது சோடியம் குளோரைடு புகையாக எழுந்து ஒளியை மறைக்கும். காட்மியமும் ஈயமும் குளோரைடாக மாறி, அளக்கும் நொடிக்கு முன்பே ஆவியாகித் தப்பிக்கும். அமோனியம் நைட்ரேட், பல்லேடியம் போன்ற மாற்றிகளைச் சேர்த்து இதைக் கட்டுப்படுத்துவார்கள். சேர்க்காதவர்களின் எண் குறைவாக வரும்.

இங்கே நம்மைச் சிக்கவைக்கும் ஒரு வலை இருக்கிறது. 6.2 சொன்ன ஆய்வகத்தை நீங்கள் கேட்டால், “எங்கள் மீட்பு 98 சதவீதம்” என்று தாளை எடுத்துக் காட்டுவார்கள். உண்மையாகவே காட்டுவார்கள். தெரிந்த அளவு ஆர்சனிக் கரைசலைப் பொடியில் சேர்த்து, அது முழுவதும் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதே மீட்புச் சோதனை. ஆனால் அவர்கள் புட்டியிலிருந்து சேர்த்தது கனிம ஆர்சனிக். அது முழுவதும் திரும்ப வரத்தான் செய்யும். பாசிக்குள் கார்பனோடு பிணைந்து கிடக்கும் ஆர்சனிக் வெளியே வந்ததா என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை. கடல் தாவரத்தில் மீட்புச் சோதனையை மட்டும் நம்புவது ஆபத்து என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதைப் பிடிக்க ஒரே வழி, உண்மையான பாசியில் செய்த ஒப்பீட்டுப் பொருள். மேலே சொன்ன ஜப்பானிய சர்காசம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃப்யூகஸ் என்ற பழுப்புப் பாசியின் பொடி இன்னொன்று, அதில் ஆர்சனிக் 55. உல்வா என்ற பச்சைப் பாசியிலும் ஐரோப்பியர்கள் ஒன்று செய்திருக்கிறார்கள், அதில் ஆர்சனிக் 3-ஐ ஒட்டி, ஈயம் 13.5-ஐ ஒட்டி. மொனாக்கோவில் சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் கடல் ஆய்வகமும் ஃப்யூகஸ் பொடியை உலகெங்கும் அனுப்பி, நாடுகளின் ஆய்வகங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. உங்கள் மாதிரியோடு அதே நாளில், அதே தட்டில் இப்படி ஒரு பாசி ஓடியதா, அதில் என்ன எண் வந்தது என்று கேளுங்கள். தக்காளி இலையோ கீரையோ ஓட்டினோம் என்றால் காட்மியத்துக்கு ஓரளவு ஏற்கலாம், ஆர்சனிக்குக்குப் பயனில்லை.

தர அங்கீகாரம் இருக்கிறதே என்பீர்கள். இருப்பது நல்லது. ஆனால் நம் நாட்டில் ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல் வாரியம், ஆய்வகத்துக்கு மொத்தமாக அதைத் தருவதில்லை. எந்தப் பொருளில், எந்தத் தனிமத்தை, எந்த முறையில் என்று வரம்பு குறித்துத் தரப்படுகிறது. குடிநீரில் ஆர்சனிக்குக்கு அங்கீகாரம் பெற்றவர் கடற்பாசியில் ஆர்சனிக்குக்கும் பெற்றவர் ஆகமாட்டார். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்க்கும் திறன் சோதனைச் சுற்றுகளில், சரியான எண்ணிலிருந்து எவ்வளவு விலகினார்கள் என்று காட்டும் இசட் மதிப்பெண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2-க்குள் இருந்தால் திருப்தி, 3-ஐத் தாண்டினால் தோல்வி என்பது விதி. எந்தப் பொருளில் அந்த 2-க்குள் வந்தார்கள்? அதோடு, சரியான எண் எங்கிருந்து வந்தது? பங்கேற்றவர்களின் பொதுக்கருத்தையே சரியான எண்ணாக வைத்தால், பெரும்பாலோர் ஒரே பிழையான முறையைக் கையாண்டிருக்கும்போது பிழையே சரியாகிவிடும்.

ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2011-ஐ ஒட்டி நடத்திய ஒப்பீட்டுச் சுற்று இதற்குச் சரியான சான்று. கோதுமை, காய்கறி உணவு, பாசி மூன்றையும் அனுப்பிக் கனிம ஆர்சனிக்கை அளக்கச் சொன்னார்கள். சரியான எண்ணைப் பங்கேற்றவர்களிடமிருந்து எடுக்காமல், இத்துறையில் தேர்ந்த ஏழு ஆய்வகங்களைக் கொண்டு தனியே நிர்ணயித்தார்கள். காய்கறி உணவிலும் கோதுமையிலும் பெரும்பாலோர் தேறினார்கள். பாசியில் தேறியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. பாசியில் மொத்த ஆர்சனிக் மிக அதிகம், கனிமப் பங்கு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பிரித்தெடுக்கும்போது ஆர்சனோசர்க்கரை கொஞ்சம் சிந்தினாலும் எண் பல மடங்கு ஏறிவிடும்.

கனிமப் பங்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மனிதருக்குப் புற்றுநோய் தரும் நஞ்சு என்று உறுதியானது கனிம ஆர்சனிக். ஆர்சனோசர்க்கரைகளின் நச்சுத்தன்மை அதைவிட மிகவும் குறைவு என்று கருதப்படுகிறது. ஆனால் பாசியில் இருப்பது எல்லாம் தீங்கற்ற வடிவம்தான் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஜப்பானில் உண்ணும் ஹிஜிகி பாசியில் ஆர்சனிக்கின் பெரும்பங்கு கனிம வடிவம்தான். கனடா 2001-இலும் பிரிட்டன் 2004-இலும் அதை உண்ண வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுறுத்தின. ஹிஜிகியும் சர்காசம் இனமே. உங்கள் மூட்டையும் அதே இனம் என்பதால், கனிமப் பங்கை ஊகிக்கக் கூடாது, அளக்கவே வேண்டும். நீர்த்த அமிலத்தில் மென்மையாக வடித்தெடுத்து, திரவ நிறப்பகுப்புக் கருவியில் வடிவங்களைப் பிரித்து, ஐ.சி.பி-எம்.எஸ் கருவியில் அளக்கும் முறை இருக்கிறது. 2016-இல் ஐரோப்பா அதைத் தரநிலையாக்கியது. இதைச் செய்யும் ஆய்வகங்கள் குறைவு, கட்டணமும் கூடுதல். மூன்றாவது முறையாகச் சாதாரண ‘கன உலோகத் தொகுப்பு’ பார்ப்பதைவிட இந்த ஒன்றுக்குச் செலவழிப்பது மேல்.

சட்டத்திலும் இந்தச் சிக்கல் தெரிகிறது. நகரக் குப்பை உரத்துக்கு நம் நாட்டில் ஆர்சனிக் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 5, ஈயம் 100. வடிவம் பிரிக்காத வரம்பு இது. உங்கள் பாசித் தெளிப்பு போல, பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் இடுபொருள்களான உயிர்த்தூண்டிகளை 2021-இல் அதே உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு உர விதியோ, உயிர்த்தூண்டிகளுக்குக் கனிம ஆர்சனிக்கை மட்டும் குறிப்பிட்டு 40 என்று வைத்திருக்கிறது. உங்கள் வியாபாரி எந்த நாட்டுக்கு அனுப்புகிறார், எந்த விதியைக் கேட்கிறார் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். ‘கன உலோக அறிக்கை’ என்று மொட்டையாகக் கேட்டால், இப்படித்தான் மொட்டையான எண்கள் வரும்.

உங்கள் தோட்டத்துக்கு ஆபத்தா என்ற கவலையும் கேள்வியில் தொனிக்கிறது. கணக்குப் போட்டுவிடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியைக் கரைத்துத் தெளித்தால், 41 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டாலும், விழுவது 41 மில்லிகிராம் ஆர்சனிக். ஓர் ஏக்கரின் மேல்மண் அரையடி ஆழத்துக்குச் சுமார் 900 டன். இயல்பான மண்ணிலேயே கிலோவுக்குச் சில மில்லிகிராம் ஆர்சனிக் உண்டு என்றால், அந்த 900 டன்னில் ஏற்கெனவே கிடப்பது கிலோ கணக்கில். நீங்கள் சேர்ப்பதை மண் பரிசோதனையில் கண்டுபிடிக்கவே முடியாது. இலைத் தெளிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. இதே பொடியை மூட்டை மூட்டையாக ஆண்டுதோறும் தூருக்குப் போடுவது, மாட்டுத் தீவனத்தில் கலப்பது, மனிதர் உண்பது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கனிம ஆர்சனிக் எண் கையில் இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது. மூட்டையை விரிப்பில் கொட்டிக் கூறுபோட்டு, கடைசிக் குவியலிலிருந்து நான்கு பைகள் எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை, உலோக மூடி போட்ட டப்பா அல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டி, அன்றைய எடையை ஒவ்வொன்றின் மேலும் எழுதுங்கள். இரண்டு பைகளை வெவ்வேறு பெயரில் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தன் எண்ணோடு தானே ஒத்துப்போகாத ஆய்வகத்தை மற்றவரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மூன்றாவது பை வேறோர் ஆய்வகத்துக்கு. நான்காவது உங்களிடமே, கிடங்கில் அல்ல, வீட்டுக்குள் ஈரம் படாத அலமாரியில் இருக்கட்டும். வியாபாரி தன் சொந்த ஆய்வகத்தில் பார்த்து வேறு எண்ணோடு வந்தால், பிரித்துக் கொடுக்க அது வேண்டும்.

ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் இவ்வளவு போதும்: ‘பொருள், உப்பு மிகுந்த பழுப்புக் கடற்பாசிப் பொடி. கழுவ வேண்டாம். உலர் எடையில் எண் தருக, ஈரப்பதத்தைத் தனியே தருக. சிதைப்பு முறை, கருவி, கண்டறியும் எல்லை, நிச்சயமின்மை, வெற்று மாதிரி எண், உடன் ஓட்டிய பாசி ஒப்பீட்டுப் பொருளின் எண் ஆகியவற்றையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.’ இதைப் படித்துவிட்டு நல்ல ஆய்வகம் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, ஆர்சனிக் மொத்தமா கனிமமா என்று திருப்பிக் கேட்கும். அப்படிக் கேட்கும் இடத்திலேயே கொடுங்கள்.